காளைத்தலை மெடல்

முதல் மெடலை என் மனைவி புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். அவள் மேல் தப்பில்லை. குழாய்த் தலை, கதவுக் குமிழ், சாவிக்கொத்து என்று பழைய பித்தளைச் சாமான் எதையாவது நான் அவ்வப்போது வீட்டுக்குக் கொண்டுவருவது உண்டு. அவளும் துலக்கிப் பார்த்து, நன்றாயிருந்தால் அலமாரியில் வைப்பாள். இதையும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். நான் குளித்துவிட்டு வந்தபோது அது புதுப் பாத்திரம் மாதிரி பளபளத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் கிடந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற வட்டம். ஒரு பக்கம், முழங்காலிட்டுத் துப்பாக்கியால் குறிபார்க்கிற ஒரு ஆள். அவனுக்குப் பின்னால் மலைகள். மறுபக்கம் எனக்குப் புரியாத மொழியில் நாலு வரி.

நான் தூத்துக்குடியில் சர்வேயர். கப்பலில் வந்து இறங்கும் பழைய உலோகச் சரக்கைக் கிடங்குகளில் திறந்து பார்த்து, சொன்ன சரக்குத்தான் வந்திருக்கிறதா, ஆபத்தானது ஏதும் கலந்திருக்கிறதா என்று சான்று எழுதிக் கொடுப்பது வேலை. சொந்த ஊர் நாசரேத் பக்கம். அப்பாவும் அம்மாவும் மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள். பொய் சொல்லக்கூடாது என்பதை வாய்ப்பாட்டுக்கு முன்னாலேயே கற்றுக்கொடுத்த வீடு. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு.

அந்த மெடல் ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு கன்டெய்னரில் இருந்தது. அங்கே வீடுகளை இடிக்கும்போதும் காலி செய்யும்போதும் சேர்கிற பித்தளையும் வெண்கலமும் டன் கணக்கில் எங்கள் ஊருக்கு வரும். உருக்குவதற்குமுன் கையால் பிரிப்பார்கள். அந்தக் குவியலில் இது என் காலடியில் கிடந்தது. கிடங்கு மேலாளரிடம் கேட்டேன். "ஒரு துண்டுதான சார், எடுத்துக்கிடுங்க" என்றார். அப்படி வந்தது.

அது என்னவென்று எனக்குச் சொன்னவர் சீஃப். கப்பலில் சீஃப் இன்ஜினியராக இருந்தவர், மனைவி இறந்தபிறகு வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டார். கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அவ்வளவுதான். ஊரில் எல்லோருக்கும் அவர் சீஃப். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்த நாணயக் கண்காட்சியில், கண்ணாடிப் பெட்டிக்குள் இதே மாதிரி பத்துப் பன்னிரண்டு மெடல்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் அவர் மேசைப் பக்கம் போகவில்லை. நான் போய் என் மெடலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். விளிம்பை மட்டும் பிடித்து வாங்கினார்.

"யாருவே இதைத் தேய்ச்சது?"

"வீட்ல. புளி போட்டு."

கண்ணை மூடிக்கொண்டார். "நூறு வருசமா அது மேல படிஞ்ச நிறம்வே. ஒரு நிமிசத்துல போச்சு."

பிறகு பொறுமையாகச் சொன்னார். சுவிட்சர்லாந்தில் துப்பாக்கி சுடும் திருவிழாக்கள் உண்டு. ஊர்த் திருவிழா, கன்டோன் திருவிழா, தேசத் திருவிழா என்று பல அளவில். கன்டோன் என்றால் நம் மாவட்டம் மாதிரி, ஆனால் தனிக்கொடியும் தனிச் சின்னமும் உள்ளது. ஒவ்வொரு திருவிழாவுக்கும் தனியாக மெடல் அடிப்பார்கள்; வெண்கலம், வெள்ளி, சிலசமயம் தங்கம். அவருடைய கப்பல் பழுதாகி ஒரு கோடை முழுக்க ஐரோப்பியத் துறைமுகம் ஒன்றில் நின்றபோது, ரயிலேறிப் போய் ஒரு சின்ன ஊரில் அந்தத் திருவிழாவைப் பார்த்திருக்கிறார். தபால்காரர், ரொட்டிக் கடைக்காரர், வாத்தியார், கைத்தடி ஊன்றிய கிழவர் எல்லோரும் வரிசையாகப் படுத்துப் பலகையைச் சுட்டார்களாம். பக்கத்திலேயே பேண்டு வாத்தியமும் சாப்பாடும்.

"வெடிச் சத்தம் கேட்டும் ஒரு பிள்ளைகூட அழாம நின்ன இடத்தை நான் அங்கனதான் பாத்தேன்" என்று சொல்வார். பல தடவை சொல்லியிருக்கிறார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் எனக்கு அவர் வீட்டில்தான். அவர் பூசை முடிந்து வருவார், நான் ஆராதனை முடிந்து போவேன். அவரே குசினியில் காப்பி போடுவார். கப்பல் வரைபடம் வைக்கிற அகலமான இழுப்பறைகளில் பச்சைத் துணி விரித்து மெடல்களை அடுக்கியிருந்தார். குறுக்கு வில் பிடித்த ஒருவன், கேடயத்தோடு உட்கார்ந்திருக்கிற ஒரு பெண், கைகோத்துச் சத்தியம் செய்கிற மூன்று பேர், கரடி, சிங்கம். ஜெர்மன் அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிப்போம். பின்பக்கத்தில் சிலவற்றில் ஜெயித்தவனின் பெயரைச் செதுக்கியிருப்பார்கள். அந்த ஆள் யார், அவன் பேரப்பிள்ளைகள் எதற்காக இதைக் குப்பையில் போட்டார்கள் என்று பேசிக்கொண்டிருப்போம். ஐம்பதை நெருங்குகிற இரண்டு ஆண்களுக்கு இப்படி ஒரு சிநேகம் கிடைப்பது சாதாரணம் இல்லை. எனக்கு அது அப்போதே தெரிந்திருந்தது.

ஒவ்வொரு கன்டோனுக்கும் ஒரு மெடல் என்று சேர்த்துக்கொண்டு வந்தார் சீஃப். ஒன்றே ஒன்று குறைந்தது. மூக்கில் வளையம் போட்ட காளைத் தலையைச் சின்னமாகக் கொண்ட ஒரு மலைக் கன்டோன். அந்தக் காளையும் துப்பாக்கியும் சேர்ந்து வருகிற ஒரு பழைய வெள்ளி மெடலின் படத்தை ஏதோ ஏலப் புத்தகத்திலிருந்து வெட்டி, காலி இடத்தில் ஒட்டி வைத்திருந்தார்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்தக் கிடங்கில் உலோகம் பிரிக்கிற பெண்களில் ஒருவர் அவர். என்னைவிட இளையவர்தான், ஆனால் அங்கே எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். திரேஸ்புரத்துக்காரர். கணவர் சங்கு குளிக்கிறவர். ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய், கட்டிலோடு கிடந்தார். ஒரு மகள், பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். மற்றப் பெண்கள் காந்தத்தை வைத்து இரும்பைப் பிரிப்பார்கள். அக்கா காந்தத்தைத் தொடவே மாட்டார். துண்டை எடுத்துத் தரையில் ஒரு தட்டு தட்டுவார்; சத்தத்தை வைத்தே வெண்கலமா பித்தளையா என்று சொல்லிவிடுவார்.

நான்தான் அவரிடம் போய்க் கேட்டேன். "அக்கா, இந்த மாதிரி வட்டமா, உருவம் போட்டது ஏதும் வந்தா எனக்கு எடுத்து வைங்க." மேலாளரும் சரி என்றார். அக்கா ஒரு பெயிண்ட் டின்னைத் தனியாக வைத்து அதில் போட்டு வைத்தார். வெறும் பொத்தான், ஓட்டல் டோக்கன், கடிகார மூடி எல்லாம் இருக்கும். நடுவில் இரண்டு மாதத்துக்கு ஒன்று உண்மையான மெடல். நாலு வருஷத்தில் இருபத்து மூன்று. கிறிஸ்துமஸுக்கு ஒரு சேலை கொடுத்தேன். கணவருக்கு ஒரு தடவை மருந்து வாங்கிக் கொடுத்தேன். அதற்குமேல் நான் எதுவும் செய்ததில்லை. அவரும் கேட்டதில்லை.

ஆனால் மெடல்களை அவர் கவனித்துப் பார்த்தார். ஒருநாள் கேடயத்தோடு உட்கார்ந்திருக்கிற பெண்ணின் உருவத்தைக் காட்டி, "இந்தம்மா யாரு சார்?" என்றார்.

"அவங்க நாட்டுக்கு அம்மா மாதிரி அக்கா. பாரதமாதா மாதிரி."

"கையில கத்தி வச்சிருக்காளே."

"காவலுக்கு."

"முகத்துல சிரிப்பே காணோம். பாவம், ராத்திரியும் பகலும் காவல் இருந்தா எப்படிச் சிரிப்பா" என்றார்.

சீஃபிடம் இதைச் சொன்னபோது அவர் வெகுநேரம் சிரித்தார். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் "உம்ம அக்கா என்னவே சொன்னா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

இடையில் எங்கள் ஊரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. அன்று நான் துறைமுகத்துக்குள் இருந்தேன். வீட்டுக்கு வந்துசேர்ந்ததும் கதவைச் சாத்திக்கொண்டேன். அதற்குப் பிறகு பல மாதம் சீஃப் இழுப்பறைகளைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காப்பியை மட்டும் குடித்துவிட்டு, வேறு எதையாவது பேசிக்கொண்டிருப்போம். கிடங்கில் ஒருநாள் அக்கா டின்னை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"சார், இவங்க எல்லாம் எதைச் சுடுதாங்க?"

"பலகையத்தான் அக்கா. வட்டம் போட்ட பலகை."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

கொஞ்ச நேரம் அந்த முழங்காலிட்ட உருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

கிடங்கு கைமாறியது அதற்கப்புறம்தான். பழைய மேலாளர் போய்ப் புதியவர் வந்தார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன், கணக்கான மனிதர். கிடங்கிலிருந்து ஒரு ஆணிகூட வெளியே போகக்கூடாது, வாசலில் எல்லோருடைய பையையும் சோதிப்பார்கள் என்று உத்தரவு போட்டார். அந்தத் தாளை நானும் படித்துக் கையெழுத்துப் போட்டேன். பெண்களுக்கு வாயால் சொன்னார்கள். பெயிண்ட் டின்னை எடுத்து எறிந்துவிட்டார்கள்.

அப்போதே நான் அக்காவிடம், இனிமேல் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வார்த்தை. சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, சீஃப் மறுபடியும் இழுப்பறைகளைத் திறக்கத் தொடங்கியிருந்த சமயம் என்பதால், காளைத்தலையின் படத்தை என் போனில் எடுத்துக்கொண்டுபோய் அக்காவிடம் காட்டினேன். "இது மட்டும் கிடைச்சா போதும் அக்கா. இருபது வருசமா ஒருத்தர் தேடிக்கிட்டு இருக்கார்."

அக்கா படத்தை நன்றாகப் பார்த்தார். "மூக்கணாங்கயிறு இல்ல, வளையம்" என்றார். "பாத்தா விடமாட்டேன் சார்."

ஒரு சனிக்கிழமை அது வந்துவிட்டது. நான் திங்கட்கிழமைதான் அந்தக் கிடங்குக்குப் போவேன். குவியலில் விட்டால் ஞாயிற்றுக்கிழமை லாரியில் போய்விடும். போட்டு வைக்க டின் இல்லை. அக்கா அதைச் சாப்பாட்டுத் தூக்கில், அடித்தட்டில் வைத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். வாசலில் பிடித்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை நான் போனதும் மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் தூக்கு, அதன் பக்கத்தில் மெடல். படத்தில் பார்த்ததைவிடச் சிறியதாக இருந்தது. கறுத்துப் போயிருந்தாலும் வெள்ளி என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. காளையின் கண் வரைக்கும் தெளிவாக இருந்தது. அக்கா சுவரோரம் நின்றார். இரண்டு நாளாகத் தூங்காத முகம். என்னைப் பார்த்ததும் அந்த முகத்தில் ஒரு ஆறுதல் வந்தது. அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று என்னால் இன்றைக்குச் சொல்ல முடியாது.

"சார், இது என்னது? வெலை உள்ளதா?" என்றார் மேலாளர்.

"பழைய மெடல். வெள்ளி."

"வெள்ளின்னு தெரிஞ்சுதான் எடுத்திருக்கா. கேட்டா, சாருக்குத்தான் எடுத்தேங்கா. சாருக்குத் தெரியும்ங்கா. உங்களுக்கு என்ன சார் தெரியும்?"

என் கையெழுத்துப் போட்ட தாள் ஞாபகம் வந்தது. கிடங்குச் சரக்கைத் தனக்கென்று எடுத்து வைக்கச் சொன்ன சர்வேயரின் சான்றை யார் மதிப்பார்கள், உரிமம் என்ன ஆகும், மகன் கல்லூரியில் இருக்கிறான். இவ்வளவும் ஒரு மூச்சு இழுக்கிற நேரத்துக்குள் ஓடின.

"முன்ன பழைய மேனேஜர் இருந்தப்ப, இது மாதிரி சிலது வந்திருக்கு. அவர்கிட்ட கேட்டுத்தான் எடுப்பேன்" என்றேன்.

அது பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. என்னைக் காப்பாற்றி அக்காவைக் கைவிடுகிற அளவுக்கு உண்மையைச் சரியாக வெட்டிக் கொடுத்திருந்தேன்.

"இதை எடுக்கச் சொன்னீங்களா?"

"இல்ல."

இது பொய்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "சார்" என்று ஒரு தடவை மட்டும் கூப்பிட்டார். நான் மேசையைப் பார்த்தேன். போலீசுக்குப் போகாமல் விடுவதே பெரிய காரியம் என்று சொல்லி அன்றே அவரை அனுப்பிவிட்டார்கள். தூக்கைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போனார். வாசல் காவலாளிதான் பின்னால் ஓடிப்போய்க் கொடுத்தான்.

அவர் போனபிறகு மேலாளர் அந்த மெடலை என் பக்கம் நகர்த்தினார். "நீங்க இதெல்லாம் சேர்க்கீங்கன்னு சொன்னாங்க. வச்சுக்கிடுங்க சார். நாங்க உருக்கத்தான் போறோம். நீங்க கேட்டிருந்தா நானே தந்திருப்பேன்."

நான் எடுத்துக்கொண்டேன். எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மத்தியானம் வரை வேலையும் பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைச் சீஃபிடம் கொடுத்தேன். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்த் திரும்பி நின்றுகொண்டார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஒட்டியிருந்த படத்தை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மெடலை வைத்தார்.

"அக்காதான் எடுத்தாளா?"

"ஆமா."

"அவளுக்கு என்ன கண்ணுவே அது" என்றார் சந்தோஷமாக. நான் காப்பியைக் குடித்தேன்.

சீஃப் அக்காவை அதுவரை பார்த்ததில்லை. நேரில் நன்றி சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. என்னிடம் சொல்லாமல், பேக்கரியில் ஒரு பெரிய பொட்டலம் மக்ரூன் வாங்கிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை ஆட்டோ பிடித்துக் கிடங்கு வாசலுக்குப் போய் நின்றிருக்கிறார். காவலாளி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். மத்தியானம், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. மக்ரூன் பொட்டலம் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"நீரு அந்த ரூம்ல இருந்தீராவே?"

"இருந்தேன்."

"வாயைத் தொறந்தீரா?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். என் மனைவி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் அதுவரை தெரியாது. சீஃப் சட்டைப் பையிலிருந்து மெடலை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அவ கையில கொண்டுபோய்க் குடும். அவ வாங்கினா, அன்னைக்கு என் வீட்டுக்கு வாரும். இல்லன்னா வராதேயும்."

அவர் போனபின் என் மனைவி எனக்குச் சோறு போட்டாள். அன்றும் மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள், "எப்ப போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

திரேஸ்புரத்தில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. சங்கு குளிக்கப் போய்க் கால் விழுந்தவர் வீடு என்றதும் காட்டிவிட்டார்கள். வழிகாட்டிய பெண், "அந்தக் களவாணி வீடா?" என்றாள், சாதாரணமாக, விலாசம் கேட்டால் அடையாளம் சொல்கிற மாதிரி. ஒரே அறை. கட்டிலில் கணவர் சாய்ந்திருந்தார். மேல் உடம்பு இன்னும் கடலில் இறங்குகிறவனின் உடம்பு. போர்வைக்குக் கீழே ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. அக்கா கருவாட்டுக் கொட்டகையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கையெல்லாம் உப்பில் வெடித்திருந்தது. மகளைப் பார்த்து, "ஏளா, சாருக்கு ஸ்டூலை எடுத்துப் போடு" என்றார். மகள் போட்டுவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டாள்.

நான் மெடலை நீட்டினேன். மன்னிப்புக் கேட்டேன். என்ன சொன்னேன் என்று சரியாக ஞாபகமில்லை, நிறையச் சொன்னேன். அக்கா முடிகிறவரை கேட்டார்.

"இதை நான் வாங்கி வச்சிருந்தா, களவாண்டேங்கது நெசமாயிரும் சார்" என்றார். "நீங்க அங்கன போய்ச் சொல்லுங்க. எடுக்கச் சொன்னது நாந்தான்னு சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம்."

"சொல்லுதேன் அக்கா."

"அன்னைக்கும் நீங்க சொல்லுவீங்கன்னுதான் நின்னேன்."

கணவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் போய்ச் சொன்னேனா? இல்லை. அடுத்த வாரம் என்று நினைத்தேன். மகனுக்குப் பரீட்சை முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு உரிமம் புதுப்பிக்கிற மாதம் வந்தது. மேலாளர் அறைக்குள் பலமுறை போய், வேறு விஷயம் பேசிவிட்டு வந்திருக்கிறேன். மெடல் என் பீரோவில், துணிக்கடியில் கிடந்தது. இப்படி எட்டு மாதம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எங்கே போவதென்று தெரியாமல், ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வேன். சீஃப் வீட்டுத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டேன்.

சீஃப் ஒரு காலையில், பூசைக்குக் கிளம்புகிற நேரத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. அடக்கத்துக்குப் போனேன். கல்லறைத் தோட்டத்தில் பின்வரிசையில் நின்றேன். வாசலுக்கு வெளியே ஒரு ஆட்டோ நின்றது. அதற்குள் அக்காவின் கணவர் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு மெழுகுவர்த்திக் கட்டோடு. அக்கா கூட்டத்துக்குள் நின்றார். அடக்கத்துக்கு வந்திருந்த சீஃபின் மகளிடம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்: என் வீட்டிலிருந்து போன அந்த வாரத்திலிருந்து, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் சீஃப் திரேஸ்புரத்துக்குப் போயிருக்கிறார். கணவரோடு உட்கார்ந்து கடலைப் பற்றியும் இன்ஜினைப் பற்றியும் பேசிவிட்டு வருவாராம். அவர்கள் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பாராம். என்னைப் பற்றி அங்கே பேச்சே எடுத்ததில்லையாம்.

மறுநாள் காலை கடிதம் எழுதினேன். ஒரு பக்கம்தான். இந்தக் கிடங்கிலிருந்து மெடல்களை எடுத்து வைக்கச் சொன்னது நான். புதிய உத்தரவு வந்தபிறகும் நிறுத்தச் சொல்லாதது நான். இந்த மெடலைப் படம் காட்டிக் கேட்டது நான். விசாரணையில் பொய் சொன்னது நான். அவர் எதையும் தனக்கென்று எடுக்கவில்லை. கீழே கையெழுத்தும் என் முத்திரையும். கொண்டுபோய் மேலாளர் மேசையில் வைத்தேன், மெடலையும் மேலே வைத்தேன்.

அவர் இரண்டு தடவை படித்தார். "முடிஞ்சுபோன விசயம் சார் இது. இப்ப இதை எழுதி யாருக்கு என்ன லாபம்?" என்றார்.

"நகல்ல, வாங்கினதா ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்க."

பேனாவைத் தேடி எடுத்தார். பிறகு போட்டார். மெடலை எடுத்து, எழுந்து வாசல் வரை போய், பிரித்து வைத்திருந்த குவியலை நோக்கி வீசினார். அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. அந்தக் குவியல் அதே வாரம் உருக்கப் போனது. அந்தக் கிடங்கிலிருந்து எனக்கு அதன்பிறகு அழைப்பு வரவில்லை. சில மாதத்தில் மற்ற இரண்டு கிடங்குகளும் கூப்பிடுவதை நிறுத்தின. உரிமத்தை யாரும் பறிக்கவில்லை. நான் பயந்தது நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது, நடந்தது என்றும் சொல்ல முடியாது.

அன்று சாயங்காலமே நகலோடு திரேஸ்புரம் போனேன். அக்கா அப்போதுதான் கொட்டகையிலிருந்து வந்து வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தார். தாளை நீட்டினேன். வாங்கவில்லை.

"நீங்களே வாசிங்க சார்."

"உள்ள வந்து..."

"இங்கனயே வாசிங்க."

தெருவில் ஆட்கள் இருந்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேர், குடத்தோடு பெண்கள், அன்று எனக்கு வழிகாட்டியவளும். வாசிக்கத் தொடங்கினேன். "சத்தமா" என்றார் அக்கா. சத்தமாக வாசித்தேன். பொய் சொன்னது நான் என்ற இடத்தில் குரல் தாழ்ந்துவிட்டது. அக்கா அப்படியே நின்றார். நான் அந்த வரியை முதலிலிருந்து வாசித்தேன். உள்ளே கட்டிலிலிருந்து கணவர், "அந்தக் கடைசியை இன்னொரு தடவ வாசிக்கச் சொல்லு" என்றார். எதையும் தனக்கென்று எடுக்கவில்லை என்ற வரியை மறுபடி வாசித்தேன். வழிகாட்டிய பெண் குடத்தை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அக்கா தாளை வாங்கி, மருத்துவமனைச் சீட்டுகள் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையில் போட்டார். "இன்னும் ஒரு நகல் வேணும் சார். இவ பள்ளிக்கூடத்துல ஒருத்திட்ட காட்டணும்" என்று மகளைக் கையால் காட்டினார். ஜெராக்ஸ் கடை வரை போய் எடுத்துக்கொண்டு வந்தேன். அதை மகள் கையில் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன்.

"அங்கன மறுபடி வேலைக்குக் கேட்டுப் பாக்கட்டுமா அக்கா?"

"வேண்டாம் சார். நீங்க போயிட்டு வாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

சீஃபின் மெடல்களை அவர் மகள் மொத்தமாக வெளியூர் வியாபாரி ஒருவருக்குக் கொடுத்துவிட்டாள். என்னிடம் ஏதாவது வேண்டுமா என்று கேட்டாள்; வேண்டாம் என்றேன். என்னிடமிருந்த இருபத்து நான்கையும் அவளிடமே கொடுத்து, அந்த ஆளிடம் சேர்த்துவிடச் சொன்னேன். நான் இப்போது மரச் சரக்குக்குச் சர்வே பார்க்கிறேன். மீன் சந்தைப் பக்கம் அக்காவை எப்போதாவது பார்ப்பேன். தலையை லேசாக அசைப்பார், அவ்வளவுதான். மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்தால் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நிற்பாள். பஸ் வந்ததும் ஓடிவந்து ஏறிக்கொள்வாள். நான் அடுத்த பஸ்ஸில் போவேன்.